இந்த வீட்டில் சத்தம் கேட்டால்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக நேற்று போனில் சொன்னாய். "எல்லாம் சரியாப் போயிடும்மா. ஏதோ கோவத்துல நடந்துருச்சு. அவள ரெடியா இருக்கச் சொல்லு" என்றாய். வராதே. நீயும் உன் மனைவியும் இருந்த சிதம்பரம் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். உன் சட்டைகளையும் செருப்பையும் ஹெல்மெட்டையும், போன வாரம் நான் அங்கே வந்ததிலிருந்து வடலூரில் நீ தங்கியிருக்கிற நண்பன் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டேன். ஏன் என்று போனில் சொல்ல முடியவில்லை. நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நான் போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெயரோ என் பெயரோ அதில் இருக்காது. உன் மனைவிக்கு இதில் சுகந்தி என்று பெயர், அது அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டது. அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். உன்னைக் கேட்கவில்லை.

அமெரிக்காம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். அந்த நடிகைக்கு அந்தப் பெயரை வைத்தவனே நீதான். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது டி.வி.யில் ஒரு கறுப்பு அம்மா துப்பாக்கியை நீட்டி, உன்னைப் பெற்றவள் குரலில் "கையத் தூக்குடா, அசைஞ்ச, சுட்டுடுவேன்" என்றதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு அம்மா, ஒண்ணு சிதம்பரத்துல, ஒண்ணு அமெரிக்காவுல" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாய். டீச்சர் உன் அப்பாவைக் கூப்பிட்டு ரகசியமாக விசாரித்தார். உன் அப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரெண்டு பொண்டாட்டிக்காரன் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். கறுப்பு. எங்கள் வீட்டில் எல்லோருமே கறுப்புதான், ஆனாலும் என்னை மட்டும் தனியாக எடுத்துச் சொல்வார்கள். நடிக்க ஆசைப்பட்டுச் சென்னைக்குப் போனேன். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "கொரலு அருமையா இருக்கும்மா. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா ராணி கணக்கா இருக்கு." கண்ணைத் திறந்தால் எப்படி இருக்கிறது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிவப்பான கதாநாயகிகளுக்கெல்லாம் நான் அழுதேன், சிரித்தேன், மானபங்கக் காட்சிகளில் கத்தினேன். பிறகு ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் பேசிப் போடும் காலம் வந்தது. டைரக்டர் என்னைப் பார்த்து, "அந்தக் கறுப்பு லேடிக்கு நீ பேசு, பொருத்தமா இருக்கும்" என்றார். வசனத் தாளை வாங்கிப் பார்த்தால், வெள்ளைக்காரப் போலீஸ் எல்லோரும் நல்ல தமிழில் பேசுகிறார்கள், இவருக்கு மட்டும் தெருச்சண்டைக்காரியின் பேச்சு. "ஏன் சார், இவுங்கதானே இன்ஸ்பெக்டரு?" என்றேன். "அதெல்லாம் சரிதான், கறுப்பு இல்லையா, அதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தாளைக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. முதல் வரியை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசுகிற நிதானத்தோடு பேசிக் காட்டினேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இப்படியே போவலாம்" என்றார் டைரக்டர். அன்றிலிருந்து கடைசிவரை அமெரிக்காம்மா தமிழில் கடலூர்க்காரியாகவே இருந்தார்.

அவர் வாழ்க்கையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பேசித் தெரிந்துகொண்டேன். வயதான பிறகு அவர் கொடுத்த நீண்ட பேட்டி ஒன்றைத் தமிழில் ஒளிபரப்பினார்கள். அதற்கும் நான்தான் குரல். அவர் "நான்" என்று சொல்கிற இடத்திலெல்லாம் நான் "நான்" என்று சொன்னேன். பருத்தி விளைகிற ஊரில் பிறந்தவர். அவருடைய அம்மா வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி துவைத்தார். அந்த ஊரில் ஒரு கறுப்பு இளைஞனை அடித்து மரத்தில் தொங்கவிட்டார்கள். மறுநாள் வெளுக்க வந்த மூட்டையில் ஒரு சட்டை முழுக்க ரத்தம். யாருடைய ரத்தம் என்று அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அம்மா துவைத்தார், கஞ்சி போட்டார், இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினார். மகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு ஓடினார், நகரத்துக்குப் போய் ரேடியோ நாடகத்தில் சேர்ந்தார். ரேடியோவில் முகம் தெரியாது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு அவர்தான் பேசினார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தச் சீமாட்டியைப் பார்க்க ரசிகர்கள் வந்தால், பேசிய இவரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். இதைப் பேசும்போது எனக்குக் குரல் உடைந்தது. டைரக்டர் நன்றாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொண்டார்.

பிறகு சினிமா. முதலில் வேலைக்காரி, அப்புறம் பிணம். தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள், ரயிலிலிருந்து தள்ளினார்கள், குடிசையோடு கொளுத்தினார்கள். "நான் செத்துக் கெடக்கறதப் பாத்தாதான் ஹீரோவுக்குக் கோவமே வரும்" என்று பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் தமிழில் நான் செத்தவை. அப்படிப்பட்டவர் ஒருநாள் போலீஸ் தொடர் ஒன்றின் டைட்டிலில் முதல் பெயராக வந்தார். ஒரு கறுப்புப் பெண் துப்பாக்கியோடு நின்று, கதை முடிகிறவரை சாகாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாம். கையெழுத்துப் போடும் முன்பு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "என்ன யாரு வேணா அடிக்கட்டும். ஆனா அந்த அடிக்கு அப்புறம் என்னா ஆச்சுன்னு நீங்க கதையில சொல்லியாவணும். அடிச்சிட்டு அடுத்த சீனுக்குப் போவக் கூடாது." இதைத்தான் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தம்பி. நான் இப்போது செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

அந்தத் தொடரில் அடிதடி ஜாஸ்தி. வசனத்தை யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம், அடிக்குப் பேசுவதுதான் கஷ்டம். வயிற்றில் குத்து விழுந்தால் காற்று எப்படி வெளியே போகும், கழுத்தை நெரித்தால் எந்த இடத்தில் குரல் நிற்கும், விலா உடைந்தவள் எப்படி மூச்சு இழுப்பாள், எல்லாவற்றையும் சிதம்பரம் வீட்டின் பின்கட்டில்தான் பழகினேன். என் கையாலேயே என் கழுத்தைப் பிடித்துக்கொள்வேன். தொடையில் குத்திக் குத்திக் கன்றிப்போகும். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அலறுவேன், துண்டை எடுத்துவிட்டும் அலறுவேன். நீ பிறப்பதற்கு முன்பு, முதல்முறை நான் அப்படிப் பழகிய அன்றைக்கு, எதிர் வீட்டு மாமா கடப்பாரையோடு ஓடி வந்து கதவை நெம்பித் திறந்தார். உன் அப்பா அடுப்படியில் எனக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "பொம்பளைய அடிக்கிறியாடா, பொறுக்கி" என்று விட்ட அறையில் உன் அப்பாவுக்கு முன்பல் ஒன்று போயிற்று. டீ டம்ளர் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். நான் நடுவில் விழுந்து, "ஐயோ மாமா, அவுரு ஒண்ணும் பண்ணல, நாந்தான் கத்துனேன், இது என் வேல" என்று அலறினேன். அதையும் அவர் முதலில் நம்பவில்லை.

அன்று சாயந்திரமே உன் அப்பா வீங்கிய வாயோடு என்னைக் கூட்டிக்கொண்டு தெரு முழுக்கப் போனார். வீடு வீடாக நின்று, "இவ டப்பிங் பேசறா. எங்க வூட்ல சத்தம் கேட்டா யாரும் பயப்படாதீங்க, வராதீங்க" என்று சொன்னார். தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டு மும்தாஜ், அப்போது புதுப்பெண், "அக்கா, கத்தறதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுங்க, அடுப்புல பால் இருந்தா எறக்கி வெச்சிடறேன்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அலறல் தெருவுக்குக் கோயில் மணி மாதிரி ஆகிவிட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் பதறினால் பழையவர்களே சமாதானம் சொல்லிவிடுவார்கள். உன் அப்பா போன பிறகு நான் கடலூரில் மஞ்சக்குப்பத்துக்கு வந்துவிட்டாலும், சிதம்பரம் வரும்போதெல்லாம் அந்தப் பின்கட்டில்தான் பழகினேன். ஒரு தெருவையே காதை மூடிக்கொள்ளப் பழக்கிவிட்டோம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். மத்தியானம் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். திருவந்திபுரத்தில் நடக்கப்போகிற உன் சித்தி மகள் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சுகந்தி, "அத்தைகிட்ட போனக் குடுங்க, நான் பேசணும்" என்றாள். நீ, "வாய மூடுடி, கருவாச்சி" என்றாய். அப்புறம் ஒரு சத்தம். சினிமாவில் அறை பட்டாசு வெடிப்பது போல இருக்கும். நிஜ அறைக்கு அவ்வளவு சத்தம் கிடையாது, ஈரத்துணியைக் கல்லில் வைக்கிற அளவுக்குத்தான் கேட்கும். அதற்குப் பின்னால் வருகிற மூச்சில்தான் எல்லாம் தெரியும். அந்த மூச்சை எத்தனையோ கதாநாயகிகளுக்கு நான் இழுத்திருக்கிறேன், ஒருநாளும் அப்படி வந்ததில்லை. "என்னாடா சத்தம்?" என்றேன். "குக்கர் மூடி விழுந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். என்னிடம் போய்ச் சொன்னாயே, தம்பி.

கையில் கிடைத்த பையோடு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை, நான் கேட்டது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். கதவு சாத்தாமல் கிடந்தது, நீ வேலைக்குப் போய்விட்டாய். சுகந்தி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் கண்வரைக்கும் வீங்கி, காதிலிருந்து ரத்தம் ஒழுகிக் கழுத்தில் காய்ந்திருந்தது. ரவிக்கைக் கையை ஏற்றிப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாகப் பழைய அடித் தடங்கள், விரல் விரலாக. முதுகில் பெல்ட் தடம். எனக்கு அப்போது உன்னைக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், கொல்ல வேண்டும் போலவே இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்டி அத்த தெரிஞ்சிது?" என்றாள். "கேட்டுச்சு" என்றேன். "இத்தினி நாளா கத்தனேன் அத்த, யாருக்கும் கேக்கல" என்றாள்.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு மும்தாஜ் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாக, "இப்பதான் வரீங்களா அக்கா? நான் மத்தியானமே வந்துட்டீங்கன்னு…" என்றவள், சுகந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா, நீங்க வந்து பேசிப் பாக்கறீங்கன்னுல்ல நெனச்சேன். போன மாசம்கூட என் மருமவகிட்ட, அக்கா இந்த வயசுலயும் என்னா தத்ரூபமாக் கத்தறாங்க பாருன்னு சொன்னேன். டி.வி. சவுண்ட ஜாஸ்தி பண்ணிட்டு உக்காந்திருந்தேனே, பாவி" என்று அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னவர்கள் நாங்கள். நீ அந்த வீட்டிலேயே வளர்ந்தவன், அங்கே என்ன சத்தம் வந்தாலும் யாரும் வர மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தாய். என்னை எரிப்பது அதுதான். என் தொழிலை நீ கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் எனக்கு அந்தப் பேட்டி ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காம்மாவின் புருஷன்தான் அவருக்கு மேனேஜரும். ஒரு நாள் ராத்திரி நாற்காலிக் காலால் அடித்து அவர் தாடையை உடைத்தான். மாதக்கணக்கில் பேச முடியாமல் கிடந்து, திரும்பி வந்த குரல் கரகரவென்று வேறு குரலாக இருந்தது. அந்தக் குரலில்தான் பிற்பாடு அவர் குழந்தைகள் படத்தில் தாய்க்கரடிக்குப் பேசினார். சின்ன வயதில் நீ அந்தக் கரடியைக் கேட்டால்தான் சாப்பிடுவாய். தாடை உடைந்த ராத்திரியைப் பற்றி அவர் சொன்னதை நான் என் வாயால் பேசியிருக்கிறேன். "எங்க கட்டடத்துல சுவரு மெலிசு. எல்லாருக்கும் கேட்டுச்சு. அவ நடிக்கிறவ, பழகிப் பாக்கறான்னு அவுங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க." உதட்டசைவோடு சிங்க் சரியாக உட்கார வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பேசினேன். எல்லோரும் பாராட்டினார்கள், நான் பஸ் பிடித்து ஊருக்கு வந்து மறுநாளே பின்கட்டில் கத்திப் பழகினேன். அவர் எனக்குத்தான் சொல்லியிருக்கிறார். என் வாயில் இருந்தது என் காதுக்குப் போகவில்லை.

சுகந்தியின் இடது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. முழுசாகக் கேட்குமா என்று டாக்டர் இப்போது சொல்ல மாட்டேன் என்கிறார். திட்டக்குடியிலிருந்து அவளுடைய அப்பா வந்தார். வெயிலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த மனிதர், கையைக்கூடக் கழுவாமல் வந்திருக்கிறார். என்னைக் கும்பிட்டு, "நாங்க எதனா கொற வெச்சிட்டமா சம்மந்தி?" என்று கேட்டார். உன்னைப் பெற்றதற்கு அந்த ஒரு கேள்வி எனக்குப் போதும்.

அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். சுகந்தி புகார் கொடுத்தாள், சாட்சி நான். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் பேனாவை நிறுத்திவிட்டு, "பெத்த மவன் மேலயாம்மா? நல்லா யோசிச்சிக்கோங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றாள். "பாக்கல. கேட்டேன்" என்றேன். "கேட்டா போதுமா?" என்றாள். "எனக்குப் போதும். எழுதுங்க" என்றேன். நீ பிறந்தபோது உன்னை முதலில் வாங்கிய கை இது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கூப்பிடுவார்கள். ஓடாதே, போ. கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல். குக்கர் மூடி என்று மட்டும் சொல்லாதே. சட்டம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நீ வெளியே வரும் நாளில் உனக்குச் சோறு போட நான் இருப்பேன், கடலூரில். சிதம்பரம் வீடு சுகந்திக்கு. வேறு எங்கேயாவது போய்விடலாம் என்றுதான் நான் சொன்னேன். அவள்தான், "நான் ஏன் போவணும் அத்த? எனக்கு அந்தத் தெருவுலதான் இருக்கணும்" என்றாள்.

அதனால் நேற்று சாயந்திரம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன், அன்றைக்கு உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி. வீடு வீடாக நின்று சொன்னேன். "நான் டப்பிங்க விட்டுட்டேன். இனிமே எங்க வூட்ல யாரும் நடிக்கல. சத்தம் கேட்டா ஓடி வாங்க. கதவு சாத்தியிருந்தா ஒடைங்க." தொழிலை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வேறெதுவும் எனக்குத் தெரியாது. எதிர் வீட்டு மாமா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். காதில் மிஷினை வைத்துக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டோம். சுகந்தி தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "வருவாங்களா அத்த?" என்றாள். "தெரியல. ஒரு தடவ கத்திப் பாரு" என்றேன். அவள் அடுப்படியில் நின்று கத்தினாள். அது நடிப்பில்லை, தம்பி. அத்தனை நாள் யாருக்கும் கேட்காமல் போனது எல்லாம் அதில் வந்தது. அவள் மூச்சு வாங்குவதற்குள் தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. மும்தாஜ் பின்பக்கச் சுவர் ஏறி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தாள், கையில் தோசைக் கரண்டி. வாசல் கதவை எத்தனையோ கைகள் இடித்தன. நான் தாழ்ப்பாளை எடுப்பதற்குள் கதவு இடுக்கில் ஒரு இரும்பு முனை உள்ளே நுழைந்துவிட்டது. கதவைத் திறந்தால் எதிர் வீட்டு மாமா, சட்டை இல்லாமல், உடம்பெல்லாம் நடுங்க, அதே கடப்பாரையோடு நிற்கிறார். "எங்க அவன்?" என்றார்.

அவன் இங்கே இல்லை என்று சொன்னேன். அவர் சுகந்தியைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எங்கள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, "தூக்கிட்டு வரதுக்கு நேரமாவுது. இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அங்கேதான் இருக்கிறது.

அம்மா